கர்சர் நகரவில்லையா? மவுஸுக்கு அடியில் ஒரு தாளை வையுங்கள்

சித்தப்பா ஓய்வுபெற்ற பிறகுதான் கம்ப்யூட்டர் பக்கம் வந்தார். மகன் வாங்கிக் கொடுத்த வயர்லெஸ் மவுஸைச் சாப்பாட்டு மேசையில் வைத்து ஒரு வாரம் நன்றாகத்தான் ஓட்டினார். அப்புறம் கம்ப்யூட்டரைக் கூடத்து மேசைக்கு மாற்றினார்கள். அன்று ராத்திரி போன் வந்தது.

"மவுஸ் செத்துப்போச்சுப்பா. பேட்டரி புதுசு போட்டாச்சு, லைட்டும் எரியுது. அம்பு மட்டும் இடத்தை விட்டு அசைய மாட்டேங்குது."

"கிளிக் ஆகுதா சித்தப்பா?"

"அது ஆகுது."

"அப்ப மவுஸ் நல்லாத்தான் இருக்கு. மேசைமேல கண்ணாடி கிடக்குதா?"

"ஆமா. அடியில கல்யாண போட்டோ எல்லாம் வெச்சிருக்கோமே."

"ஒரு வெள்ளைத் தாளை அடியில போட்டுப் பாருங்க."

கொஞ்ச நேரம் பதில் இல்லை. எதையோ நகர்த்தும் சத்தம், சித்தியின் குரல், பாத்து பாத்து என்று யாரோ சொல்வது. பிறகு, "போட்டாச்சு, அப்பவும் அசையலை" என்றார். விசாரித்தால், வீட்டில் இருந்த நாலு பேரும் சேர்ந்து கண்ணாடியைத் தூக்கி, போட்டோக்களோடு தாளையும் செருகி வைத்திருக்கிறார்கள். தப்பு என்னுடையது. மவுஸுக்கு அடியில் என்று தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

தாள் கண்ணாடிக்கு மேலே வந்ததும் மவுஸ் ஓடத் தொடங்கிவிட்டது. புதிதாக வயர்லெஸ் மவுஸ் வாங்கியவர்கள் "ரிப்பேர்" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதில் பாதி இந்த ரகம்தான் என்பது என் அனுபவம். ஆகவே செலவில்லாத சோதனைகளை முதலில் செய்துவிடலாம். லேப்டாப் என்றால் மவுஸ் நின்றாலும் டச்பேட் இருக்கிறது, பதற்றம் வேண்டாம்.

முதல் கேள்வி: கிளிக் ஆகிறதா?

கர்சர் எங்கே நிற்கிறதோ அங்கேயே வலது பட்டனை அழுத்துங்கள். சின்ன மெனு ஒன்று திறக்கிறதா? நீளமான ஒரு பக்கத்தைத் திறந்து நடுச் சக்கரத்தை உருட்டுங்கள். பக்கம் ஏறி இறங்குகிறதா? இடது கிளிக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். காலியான இடத்தில் இடது கிளிக் செய்தால் திரையில் ஒன்றுமே நடக்காது, மவுஸ் செத்துவிட்டது என்று நினைத்துவிடுவோம்.

மெனு திறந்தால் பேட்டரி, ரேடியோ, கம்ப்யூட்டரில் செருகியிருக்கும் டாங்கிள் (மவுஸின் ரேடியோவோடு பேசும் சின்ன யுஎஸ்பி துண்டு) எல்லாம் பெரும்பாலும் சரியாக இருக்கின்றன. கோளாறு மவுஸின் வயிற்றுப் பக்கத்திலோ, அது உட்கார்ந்திருக்கும் பரப்பிலோதான். கிளிக்கும் இல்லை, சக்கரமும் இல்லை என்றால் பரப்பைக் குறை சொல்ல வேண்டாம், நேராகக் கீழே பேட்டரி பகுதிக்குப் போய்விடுங்கள். கர்சர் நகர்கிறது, ஆனால் தவளை மாதிரி தாவித் தாவிப் போகிறது என்றால் இரண்டு பக்கமும் சந்தேகம் உண்டு. அப்போதும் பரப்பிலிருந்தே தொடங்குங்கள். செலவில்லாதது அதுதான்.

மவுஸ் ஒரு கேமரா

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். மவுஸின் அடியில் ஒரு சின்ன விளக்கும் ஒரு சின்னக் கேமராவும் இருக்கின்றன. விளக்கு பரப்பின்மேல் சாய்வாக ஒளியை அடிக்கிறது. மாலை வெயிலில் மண் தரையின் சிறு மேடு பள்ளம்கூட நிழல் காட்டும் அல்லவா, அதுபோல. கேமரா அந்த நிழல்களைப் படம் பிடித்து, முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தோம் என்று கணக்குப் போடுகிறது. 1999-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட இன்டெல்லிமவுஸ் எக்ஸ்ப்ளோரரே நொடிக்கு 1500 படம் எடுத்தது. அந்தக் காலத்துச் சென்சார்களில் ஒரு படத்தின் அளவு 16-க்கு 16 புள்ளிதான். முகம் தெரியாது, எழுத்து தெரியாது. ஒரு மில்லிமீட்டர் அகல இடத்தில் உள்ள சொரசொரப்பு மட்டும் தெரியும்.

வெள்ளைத் தாள் நம் கண்ணுக்கு வழவழப்பு. மவுஸின் கண்ணுக்கு அது வைக்கோல் போர். நார் நாராகப் பின்னிக் கிடக்கும், ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு விதமாக இருக்கும். பழைய நோட்டுத் தாளில்கூட மவுஸ் ஓடுவதற்கு அதுதான் காரணம்.

கண்ணாடியில் அந்த நிழலே விழாது. ஒளி உள்ளே புகுந்து அடுத்த பக்கம் போய்விடுகிறது. "அதுதான் அடியில் போட்டோ இருக்கிறதே, அதைப் பார்க்கக் கூடாதா?" என்று சித்தப்பாவும் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கேமராவுக்கு ஃபோகஸ் செய்யத் தெரியாது. தன் காலடியில், இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் இருப்பதுதான் அதற்குத் தெளிவாகத் தெரியும். ஐந்தாறு மில்லிமீட்டர் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் கல்யாணப் படம் அதற்கு வெறும் மங்கல்.

நம் வீட்டுப் பரப்புகளில் எது ஆகும், எது ஆகாது

மெருகேற்றிய கிரானைட்டும் கடப்பா கல்லும் தொல்லை பிடித்தவை. கறுப்பு நிறம் ஒளியை விழுங்கும், மெருகு மிச்ச ஒளியைக் கண்ணாடி போல வேறு பக்கம் திருப்பிவிடும். புள்ளிபோட்ட கிரானைட்டில் ஒரு வேடிக்கை உண்டு. வெள்ளைப் புள்ளிகள் மேல் மவுஸ் போகும்போது கர்சர் ஒழுங்காக நகரும், வெறும் கறுப்புத் திட்டு வந்ததும் நின்றுவிடும், அடுத்த புள்ளி வந்ததும் மறுபடி ஓடும். கை ஒரே சீராகத்தான் நகர்ந்திருக்கும். இப்படித் தொடர்ந்து ஒரே இடத்தில் சிக்குகிறது என்றால் மவுஸைச் சந்தேகிக்கவே வேண்டாம்.

பளபளக்கும் சன்மைக்காவும் அப்படித்தான், ஆனால் ரகத்துக்கு ரகம் மாறும். மேட் சன்மைக்காவில் பிரச்சினை வராது. பாலிஷ் போடாத மர மேசை, துணி விரிப்பு, செய்தித்தாள், அட்டை எல்லாம் நல்லவை. ஸ்டீல் தட்டை அடியில் வைத்து ஓட்டிய ஒருவரை எனக்குத் தெரியும். பாத்திரம் தேய்த்துத் தேய்த்துக் கீறல் விழுந்த தட்டு, அதனால் கொஞ்சம் ஓடியது. புதுத் தட்டில் ஓடியிருக்காது.

ஒரு எச்சரிக்கை. மேசை சரியில்லை என்றதும் பலர் கைக்கு அகப்படும் வாரப் பத்திரிகையின் வழவழ அட்டையை எடுத்து வைப்பார்கள். அதில் மவுஸ் மேலும் மோசமாகலாம். பளபளப்பு ஒரு காரணம். அச்சுப் படம் முழுவதும் நுணுக்கமான மைப் புள்ளிகள் ஒரே இடைவெளியில் அணிவகுத்து நிற்பது இன்னொரு காரணம். எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி இருந்தால், நகர்ந்தோமா இல்லையா என்று கேமராவுக்கே குழப்பம் வந்துவிடும்.

படுக்கையில் உட்கார்ந்து போர்வைமேல் மவுஸ் ஓட்டுகிறவர்களுக்குத் தனிப் பிரச்சினை. துணி நல்ல பரப்புதான். ஆனால் மெத்தை அமுங்கும், போர்வை சுருங்கும், மவுஸின் வயிறு ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். ஓரிரு மில்லிமீட்டர் தூக்கினாலே பல மவுஸ்கள் பார்ப்பதை நிறுத்திவிடும். ஒரு பரீட்சை அட்டையைப் போர்வைமேல் வைத்து, அதன்மேல் தாளைக் கிளிப்பில் மாட்டிக்கொண்டால் போதும்.

இப்போது சோதனை. கோடு போடாத வெள்ளைத் தாள் ஒன்றை மேசைமேல் வைத்து, அதன்மேல் மவுஸை வைத்து, மெதுவாக வட்டம் போடுங்கள். கர்சரும் வட்டம் போட்டால் வேலை முடிந்தது, கடைசிப் பகுதிக்குப் போய் மவுஸ் பேட் பற்றிப் படித்துக்கொள்ளுங்கள். தாளிலும் அடம்பிடித்தால் அடுத்த பகுதிக்குப் போகலாம்.

மவுஸைத் திருப்பிப் போடுங்கள்

முதலில் ஆன்-ஆஃப் பொத்தான். பையில் போட்டு எடுத்து வரும்போது அது தானே ஆஃப் ஆகியிருக்கும். புது மவுஸ் என்றால் இன்னும் இரண்டு இடத்தைப் பாருங்கள். பேட்டரி முனையில் ஒரு பிளாஸ்டிக் நாக்கு நீட்டிக்கொண்டிருந்தால் பிடித்து இழுத்துவிடுங்கள், மின்சாரம் பாயாமல் தடுக்கத்தான் அதை வைத்திருக்கிறார்கள். அடிப்பகுதியில் கண்ணுக்கே தெரியாத மெல்லிய காப்புத் தாள் ஒட்டியிருந்தால் நகத்தால் நெம்பி உரித்துவிடுங்கள்.

அடுத்து விளக்கு. சிவப்பாக எரிந்தால் தெரிந்துவிடும். எரியவில்லை என்பதற்காகக் கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். இப்போதைய வயர்லெஸ் மவுஸ்கள் பலவற்றில் அகச்சிவப்பு விளக்குதான், நம் கண்ணுக்குத் தெரியாது. செல்போன் கேமராவைத் திறந்து அதன் வழியாகப் பாருங்கள், வெளிர் ஊதாப் புள்ளி ஒன்று தெரியலாம். எல்லா போன் கேமராவிலும் தெரியாது. ஆகவே முதலில் டிவி ரிமோட்டை கேமராவுக்கு நேராகப் பிடித்து அழுத்திப் பாருங்கள். ரிமோட்டின் ஒளி தெரிந்தால் அந்த கேமராவை நம்பலாம், இல்லாவிட்டால் முன்பக்க கேமராவுக்கு மாற்றிப் பாருங்கள். பேட்டரியை மிச்சம் பிடிக்க மவுஸ் தூங்கிவிடும் என்பதால், ஒரு கிளிக் கொடுத்து எழுப்பிவிட்டுப் பார்க்க வேண்டும். லேசர் மவுஸ் என்று எழுதியிருந்தால் கண்ணை நேராக அருகே கொண்டுபோக வேண்டாம்.

அந்த விளக்கு இருக்கும் குழிதான் முக்கியம். நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஒரு தலைமுடி, ஒரு பஞ்சு நூல், பிஸ்கட் துகள் ஏதாவது ஒன்று உள்ளே குறுக்கே கிடக்கும். ஒற்றை முடி போதும், கர்சர் நின்ற இடத்திலேயே நடுங்க ஆரம்பித்துவிடும். ஏனென்றால் கேமரா எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் அந்த முடி அதே இடத்தில் இருக்கிறது. மேசை நகர்கிறது, முடி நகரவில்லை. எதை நம்புவது?

பேட்டரியைக் கழற்றிவிட்டு, குழியைக் கீழ்நோக்கிப் பிடித்து ஊதுங்கள். எச்சில் தெறிக்காமல் ஊதினால் சரி. போகாவிட்டால் காது குடையும் பஞ்சுக் குச்சியால் லேசாகச் சுற்றி எடுங்கள். பிசுபிசுப்பாக இருந்தால் பஞ்சில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு தொட்டுக்கொள்ளலாம். நெயில் பாலிஷ் அழிக்கும் திரவம் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக் லென்ஸ் வெந்து மங்கிவிடும். ஊசி, பின், குண்டூசி எதையும் உள்ளே விடாதீர்கள். லென்ஸில் கீறல் விழுந்தால் அது நிரந்தரம்.

கையோடு நாலு மூலையிலும் உள்ள வழுக்குக் கால்களையும் துடைத்துவிடுங்கள். கறுப்பாக அப்பியிருக்கும் அழுக்கை நகத்தால் சுரண்டினால் உருண்டு வந்துவிடும். ஒரு கால் பெயர்ந்து போயிருந்தால் மவுஸ் சாய்ந்து நிற்கும், பார்வைத் தூரம் கெட்டுவிடும். பழைய பந்து மவுஸ் காலத்தில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தச் சுரண்டல் வேலை பழக்கம்தான். அடிமூடியைத் திருகிப் பந்தை எடுத்து, உள்ளே உருளைகளில் சுற்றியிருக்கும் அழுக்கு வளையத்தை நகத்தால் எடுத்தால்தான் அடுத்த அரைமணி நேரம் ஓடும். அதோடு ஒப்பிட்டால் இப்போது நமக்கு வாழ்வுதான்.

பேட்டரி

கிளிக்கே இல்லாதவர்கள் நேராக இங்கே வந்திருப்பீர்கள், மேலே சொன்ன ஆன்-ஆஃப் பொத்தானையும் பிளாஸ்டிக் நாக்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பேட்டரியை மாற்றிவிட்டேன் என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்பது, எங்கிருந்து எடுத்த பேட்டரி என்பதுதான். சுவர்க் கடிகாரத்திலிருந்து கழற்றியதாக இருக்கும். கடிகாரத்துக்குச் சொட்டு மின்சாரம் போதும், செத்துக்கொண்டிருக்கும் பேட்டரியிலும் மாதக்கணக்கில் ஓடும். மவுஸ் விளக்கும் எரிக்க வேண்டும், ரேடியோவும் அனுப்ப வேண்டும். விளக்கு மங்கலாக எரிந்தபடி கர்சர் விட்டு விட்டுப் போவது தளர்ந்த பேட்டரியின் வழக்கமான அடையாளம். புது ஆல்கலைன் பேட்டரி போட்டுப் பாருங்கள். அதில் 1.5 வோல்ட் வரும். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரியில் 1.2 வோல்ட்தான், நன்றாகச் சார்ஜ் ஏறியிருந்தால் பெரும்பாலான மவுஸ்களுக்கு அதுவும் போதும்.

பேட்டரி உட்காரும் இடத்தில் வெள்ளைப் பூஞ்சை போல ஏதாவது படிந்திருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது. வெறும் கையால் தொடாதீர்கள். பஞ்சுக் குச்சியில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டு உலோகப் பட்டையைத் துடைத்து, பிறகு ஈரத் துணி, பிறகு உலர்ந்த துணி. முழுக்கக் காய்ந்த பிறகே புதுப் பேட்டரி.

டாங்கிள்

நகத்தளவு இருக்கும் அந்த யுஎஸ்பி துண்டு கம்ப்யூட்டரில் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். சிரிக்காதீர்கள். பல மவுஸ்களில் பேட்டரி மூடிக்குள்ளேயே அதற்கு ஒரு பொந்து வைத்திருப்பார்கள், அது அங்கேயே தூங்கிக்கொண்டிருக்கும். வீட்டில் இரண்டு வயர்லெஸ் மவுஸ் இருந்தால் டாங்கிள் மாறிப் போவதும் சகஜம். மலிவான மவுஸ்களில் ஒன்றின் டாங்கிள் இன்னொன்றுக்குச் சேராது.

செருகியிருக்கிறது, ஆனாலும் கர்சர் திக்கித் திக்கிப் போகிறது என்றால் அண்டைவீட்டுத் தகராறைச் சந்தேகியுங்கள். டாங்கிள் பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். வைஃபையும் புளூடூத்தும் அங்கேதான் குடியிருக்கின்றன. இவற்றைவிட மோசமான எதிரி யுஎஸ்பி 3.0. அதில் தகவல் ஓடும்போது கசியும் இரைச்சல் இதே அலைவரிசையில் விழுந்து வயர்லெஸ் மவுஸைப் பாதிக்கும் என்று இன்டெல் 2012-இலேயே ஒரு தொழில்நுட்ப அறிக்கை வெளியிட்டிருக்கிறது. வெளி ஹார்டு டிஸ்கில் படம் காப்பியாகும் நேரத்தில் மட்டும் மவுஸ் முரண்டு பிடிக்கிறதா? ஹார்டு டிஸ்க் ஒரு பக்கம், டாங்கிள் மறுபக்கம் என்று மாற்றிச் செருகுங்கள். உட்புறம் நீலமாக இருக்கும் போர்ட் பெரும்பாலும் 3.0, டாங்கிளுக்குக் கறுப்புப் போர்ட்டே போதும். டெஸ்க்டாப் என்றால் பின்னால் செருகாதீர்கள், தகரப் பெட்டி முழுவதும் குறுக்கே நிற்கும். முன்பக்கம் செருகுங்கள், அல்லது ஒரு முழ நீள யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி டாங்கிளை மவுஸுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வையுங்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்தக் கேபிள் தீர்த்து வைத்த பிரச்சினைகள் அத்தனை.

செட்டிங்ஸ்

இதற்குக் கடைசியில்தான் வர வேண்டும். கர்சர் எறும்பு மாதிரி ஊர்கிறது என்றால், சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும், கர்சர் வேகத்தை மாற்றும் சின்ன டிபிஐ பொத்தானை யாராவது அழுத்தியிருப்பார்கள், மறுபடி ஒருமுறை இரண்டுமுறை அழுத்துங்கள். விண்டோஸ் 11-இல் வேகம் மாற்ற விண்டோஸ் விசையோடு ஐ விசையை அழுத்தி, புளூடூத் அண்டு டிவைசஸ், அதில் மவுஸ்.

கொஞ்ச நேரம் சும்மா விட்டால் மவுஸ் செத்து, டாங்கிளைப் பிடுங்கிச் செருகினால் உயிர் பெறுகிறது என்றால், கம்ப்யூட்டர் மின்சாரத்தை மிச்சப்படுத்த யுஎஸ்பி போர்ட்டை அணைக்கிறது. விண்டோஸ் விசையோடு எக்ஸ், பிறகு எம் அழுத்தினால் டிவைஸ் மேனேஜர் வரும். அதில் யுனிவர்சல் சீரியல் பஸ் கன்ட்ரோலர்ஸ் என்பதை விரித்து, யுஎஸ்பி ரூட் ஹப் ஒவ்வொன்றிலும் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

எதற்கும் மசியாவிட்டால் டாங்கிளோடு மவுஸை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள், வெள்ளைத் தாள்மேல், புதுப் பேட்டரியோடு. அங்கே ஓடினால் குற்றவாளி உங்கள் கம்ப்யூட்டர். அங்கும் ஓடாவிட்டால்தான் மவுஸ் போய்விட்டது என்று சொல்லலாம். வாரன்டி இருக்கிறதா என்று பில்லைத் தேடுங்கள்.

மவுஸ் பேட் வாங்குவதா, மவுஸையே மாற்றுவதா

துணி முகமும் ரப்பர் அடியும் உள்ள சாதாரண பேட் எல்லா மவுஸுக்கும் ஒத்துவரும். பளபளப்பாகப் படம் அச்சிட்ட பிளாஸ்டிக் பேட்கள் கடையில் தொங்கும், அவற்றை நான் வாங்க மாட்டேன். காசு செலவழிக்க மனமில்லையென்றால், ஆண்டு முடிந்து தாள் எல்லாம் கிழித்த தினசரி காலண்டரின் அட்டை அருமையான பேட். முன்பக்கம் சாமி படமாக இருக்கும், பளபளப்பாகவும் இருக்கும், இரண்டு காரணத்துக்காகவும் பின்பக்கத்தைத் திருப்பிப் போடுங்கள். சித்தப்பா வீட்டுக் கண்ணாடி மேசையில் இப்போது கிடப்பது அதுதான்.

கண்ணாடிமேல்தான் ஓட்டுவேன் என்பவர்களுக்கும் மவுஸ் உண்டு. லாஜிடெக் 2009-இல் கொண்டுவந்த டார்க்ஃபீல்டு நுட்பம் உள்ளவை, குறைந்தது 4 மில்லிமீட்டர் தடிமன் உள்ள கண்ணாடியில் ஓடும். கண்ணாடிமேல் கிடக்கும் தூசியையும் நுண்ணிய கீறல்களையுமே அவை பிடித்துக்கொள்ளும். விலை அதிகம். 2008-இல் வந்த மைக்ரோசாஃப்டின் புளூடிராக், கிரானைட் போன்ற பரப்புகளில் தேவலை, ஆனால் தெளிவான கண்ணாடியிலும் முகம் பார்க்கும் கண்ணாடியிலும் அதுவும் கைவிரித்துவிடும். லேசர் என்று பெட்டியில் போட்டிருப்பதால் மட்டும் கண்ணாடியில் ஓடும் என்று நினைக்காதீர்கள். 1980-களில் வந்த முதல் ஒளி மவுஸ்களோ கட்டம் போட்ட உலோகத் தகடு இல்லாமல் நகரவே நகராது, அந்தத் தகட்டைத் திருப்பி வைத்தால்கூடக் குழம்பிவிடும்.

பழைய மவுஸைக் குப்பையில் போடுமுன் பேட்டரியைக் கழற்றிவிட்டு, மின்னணுக் கழிவு வாங்குகிற இடத்தில் கொடுங்கள். யாருக்காவது கொடுப்பதாக இருந்தால், டாங்கிளைக் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கி அதன் பொந்துக்குள் வைத்து மூடிக் கொடுங்கள்.